அம்பாசிடரின் இடது பக்கம் ஏன் கொதிக்கிறது?

கொல்கத்தாவின் கிடர்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய அம்பாசிடர் அது. 1976ஆம் வருடத்து மார்க் 3. ஏசி இல்லை. அப்பாவுக்குப் பிறகு இவர்தான் ஓட்டுகிறார், அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். சித்திரை, வைகாசி வந்துவிட்டால் அம்மாவால் காலைத் தரையில் ஊன்ற முடிவதில்லையாம். கப்பலுக்காகத் துறைமுகப் பாலத்தைத் தூக்கிவிட்டால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இஞ்சினை ஓடவிட்டபடி காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கவே முடியவில்லை என்கிறார். பக்கத்து காரேஜ் மிஸ்திரி இரண்டு வழி சொல்லியிருக்கிறார்: தரை முழுக்கத் தார் ஷீட் ஒட்டி, மேலே கனமான ரெக்சின் மேட் போடலாம், அல்லது ஏசி வைத்துவிடலாம். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் மெத்தை போடுவது காசுக்கும் கேடு, வண்டிக்கும் கேடு. ஒருவேளை உயிருக்கும் கேடு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் வண்டி கிடர்பூரிலிருந்து அதிக தூரமில்லாத உத்தர்பாராவில் பிறந்தது. ஆனால் அதன் மூல வரைபடம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காருக்கானது. வருடத்தில் பாதி நாள் கோட்டு போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிற ஊர் அது. இஞ்சின் சூட்டில் கொஞ்சம் காலடிக்கு வந்தால் அங்கே யாரும் குறைசொல்ல மாட்டார்கள். 1957இல் அந்த உடம்பு அம்பாசிடர் என்ற பெயரோடு நம் வெயிலுக்கு வந்தது. 2014 மே மாதம் உற்பத்தி நின்றபோதும் அந்த அடிப்படை வடிவம் பெரிதாக மாறியிருக்கவில்லை.

எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. இன்னொரு பங்கை ரேடியேட்டர் வாங்கிக்கொள்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது மிச்சம்தான். அம்மா உட்காரும் பக்கம் அதிகம் கொதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் மார்க் 3இல் இருக்கும் 1489 சிசி பி.எம்.சி. இஞ்சினில் கார்பரேட்டரும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், இடது பக்கத்தில் இருக்கின்றன. ஸ்டியரிங் வலதில் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு அந்தச் சூடு குறைவு. பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம். மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் குழாய் இடது காலடித் தகட்டுக்குப் பக்கமாகத்தான் போகிறது.

சூட்டுக்கு மூன்று வழி. தகட்டைத் தொட்டு ஏறுவது ஒன்று. குழாயிலிருந்து தொடாமலே வீசும் அனல் இன்னொன்று. மூன்றாவது, ஓட்டை வழியாக நேரே உள்ளே நுழையும் சூடான காற்று. நம் ஊர்ப் பழைய வண்டிகளில் இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. மேட்டும் தார் ஷீட்டும் அதைத் தடுக்காது. காற்று மேட்டின் ஓரமாகச் சுற்றி வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இஞ்சின் அறைக் காற்று உள்ளே வருகிறது என்றால், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டோ சைலன்சர் இணைப்போ கசியும் நாளில் புகையும் அதே வழியில் வரும். பெட்ரோல் இஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி உணர்வு என்று தொடங்கும். வெயிலால் வந்த சோர்வு என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அம்மா வயதானவர். பாலத்தருகே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தபின் அவருக்குத் தலை வலிக்கிறதா, வெளிக்காற்றில் சற்று நேரம் இருந்தால் சரியாகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டுக் கசிவைச் சரிசெய்யும்வரை அவரை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இடது பக்கம் டப் டப் என்று மெல்லிய சத்தம் வருகிறதா என்று கேட்டாலே பல கசிவுகள் தெரிந்துவிடும். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுவும் அடையாளம். பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி டாஷ்போர்டில் வைப்பது நான் எல்லாப் பழைய கார்க்காரர்களுக்கும் சொல்லும் முதல் செலவு.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க மிஸ்திரி தேவையில்லை. இரவில் வண்டியை இருட்டான இடத்தில் நிறுத்தி, இஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, போனட்டுக்குள் ஒரு பலமான டார்ச்சை டாஷ்போர்டுப் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். உள்ளே உட்கார்ந்து தரை மேட்டை எடுத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு இடத்தையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு டார்ச்சை வண்டிக்கு அடியில் வைத்துத் தரையையும் அதேபோலப் பாருங்கள். சிலர் ஊதுபத்திப் புகை காட்டிப் பார்க்கச் சொல்வார்கள். பெட்ரோல் வாடை வரும் வண்டியில் நெருப்பே வேண்டாம். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடித்தால் காற்று வருகிற இடத்தில் அதுவே ஆடும்.

உங்கள் வண்டியில் நான் எதிர்பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். ஸ்டியரிங் தண்டும் கியர்க் கம்பிகளும் தகட்டைத் துளைத்து வரும் இடம் முதலாவது. மார்க் 3இல் கியர் ஸ்டியரிங்கிலேயே இருப்பதால் அந்தத் துளை பெரியது, அதை மூடும் ரப்பர் பெரும்பாலும் பொடிந்து போயிருக்கும். அடுத்து பெடல்கள் கடக்கும் இடம், ஆக்ஸிலரேட்டர், ஸ்பீடாமீட்டர் கேபிள்கள், ஒயர்க் கட்டு. முன்பு எப்போதோ ஹீட்டரோ வேறு ஏதோ கழற்றப்பட்டு மூடாமல் விடப்பட்ட துளை ஒன்றாவது இருக்கும். கியர்பாக்ஸ் மூடியைத் தரையோடு பிடிக்கும் திருகுகளில் பாதி இருக்காது. அந்த விளிம்பு முழுவதும் காற்று வரும். கடைசியாக, காலடித் தகட்டின் முன்மூலைகளில் துரு தின்ற ஓட்டைகள். கிடர்பூரில் மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் தரைத் தகட்டைத் தொடாமல் இருந்திருக்காது.

வட்டத் துளைகளுக்குப் புது ரப்பர் குரோமெட் போடுங்கள். மல்லிக் பஜாரில் பழைய அம்பாசிடர் சாமான் விற்கும் கடைகளில் ஒயரின் பருமனைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டியரிங் துளைக்குச் சரியான உறை கிடைக்காவிட்டால், பழைய லாரி ட்யூபை வெட்டி இரண்டு அடுக்காக வைத்து, மேலே தகட்டு வளையம் போட்டுத் திருகி இறுக்குங்கள். அந்த ரப்பர் சூட்டைத் தாங்கும், எண்ணெய் மட்டும் படக்கூடாது. சின்ன இடைவெளிகளுக்குச் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கான் போதும். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கும் ஸ்ப்ரே ஃபோமை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். அது நெருப்புப் பிடிக்கும், தண்ணீரை அடியில் தேக்கும், பின்னால் ஒரு கேபிள் மாற்ற வேண்டுமானால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். துரு ஓட்டைகளை டிங்கரிடம் கொடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மேலே தார் ஷீட் ஒட்டி மறைத்தால் துரு அதற்குக் கீழே நிம்மதியாக வளரும்.

போனட்டின் பின்விளிம்பில், முன்கண்ணாடிக்குக் கீழே ஓடும் பீடிங் ரப்பரையும் பாருங்கள். சூடு வெளியே போகட்டும் என்று போனட் கீலில் வாஷர் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவில் மட்டுமல்ல, சென்னையிலும் பார்த்திருக்கிறேன். வண்டி வேகமாக ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம்; அங்கே இடைவெளி விட்டால் காற்று வெளியே போகாது, உள்ளேதான் தள்ளும். வண்டி நிற்கும்போது சூடு அதன் வழியாக மேலெழும், உண்மைதான். ஆனால் எழுந்த சூடு திறந்த ஜன்னல் வழியாக உங்களிடமே வரும்.

ஜன்னலைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. பின்கண்ணாடிகளை மட்டும் இறக்கிவிட்டு ஓட்டினால், ஓடும் வேகத்தில் அவை உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தோ வந்தாக வேண்டும். முன்னால் வழி இல்லையென்றால் தரை ஓட்டைகளிலிருந்தும், டிக்கி ரப்பர் பழுதாகியிருந்தால் பின்னாலிருந்து சைலன்சர் புகையோடும் வரும். அதனால் முதலில் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திறங்கள். சற்றே திறந்தால் அதுவும் காற்றை வெளியேதான் இழுக்கும். முழுதாகத் திருப்பி, அகலமான முகம் எதிர்காற்றை வாங்கும்படி வைத்தால்தான் காற்று நேரே மார்பில் வந்து அடிக்கும். பிறகு எதிர்மூலையில் பின்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். காற்று குறுக்கே ஓடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. முக்கோணக் கண்ணாடியின் ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு, கண்ணாடியில் பலம் கொடுக்காமல் சட்டத்தைப் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி இஞ்சின். அது தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருந்தால் எந்தத் தடுப்பும் போதாது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் பெட்ரோல் சிலிண்டரில் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் தாமதமாக எரியும். அந்தச் சூடு முழுக்க மேனிஃபோல்டில் இறங்கும். ஏற்றத்தில் இஞ்சின் டிக் டிக் என்று தட்டுகிறது என்பதற்காக ஒரு மெக்கானிக் டைமிங்கைப் பின்னுக்கு வைத்துவிட்டுப் போயிருப்பார், அது அப்படியே வருடக்கணக்கில் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, பிறகு டைமிங் லைட் வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் டப்பாவிலிருந்து வரும் சின்னக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். பிடித்து நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. கார்பரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும் சூடு ஏறும்.

ரேடியேட்டரின் துடுப்புகளுக்கிடையே மண்ணும் பூச்சியும் அடைந்திருக்கும். இஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய தண்ணீர் வீச்சில் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருந்தால் ரேடியேட்டர்க்காரரிடம் கொடுத்து மேல் தொட்டியைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்வதே சரி. அதற்குப் பிறகு டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும். சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போடும் வழக்கத்துக்கு நான் உடன்படுவதில்லை. அடைத்த ரேடியேட்டரை அது திறந்துவிடாது. இஞ்சின் தன் சூட்டுக்கு வருவதற்குள் தேய்மானம்தான் கூடும். புதிய தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அது திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் இடது காலடி இன்னும் சுட்டால் அது குழாயின் அனல். இதற்கு உள்ளே மெத்தை போடுவதைவிட வெளியே தடுப்பு போடுவது எவ்வளவோ மேல். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வாங்கி, குழாய்க்கும் தரைக்கும் நடுவே, தரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்படி ஸ்பேசர் வைத்துத் திருகுங்கள். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் அனலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தகட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓடினால்தான் இது வேலை செய்யும். முன்னும் பின்னும் திறந்தே இருக்கட்டும். அலுமினிய ஃபாயிலைத் தரையோடு ஒட்டிவிட்டுச் சூடு குறையவில்லை என்று வருந்துகிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிரேக் பைப், பெட்ரோல் பைப் இரண்டிலும் தகடு உரசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயைச் சுற்றிக் கட்டும் துணி நாடா பந்தயக் கார்களுக்குச் சரி. உங்களுக்கு வேண்டாம். தெருத் தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சாதா இரும்புக் குழாய் உள்ளுக்குள் அரித்துப் போகும். எண்ணெய் சொட்டி ஊறினால் திரிபோலப் பற்றும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ கயிறோ வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரும். பழைய கேஸ்கெட்டுகளிலும் அது இருக்கலாம் என்பதால் அவற்றை உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியில்தான் உள்ளே விரிப்பு. அந்தக் காலத்தில் கார்களில் கார்பெட்டுக்கு அடியில் சணல் மெத்தை போடுவார்கள். ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்துக்குச் சணல் ஆகாது. ஒரு தடவை நனைந்தால் அது உலரவே உலராது, தகட்டைத் தின்றுவிடும். கறுப்பாக, கனமாக, பின்னால் பசையோடு வரும் பியூட்டைல் ஷீட்டைச் சூட்டுத் தடுப்பு என்று விற்கிறார்கள். தகட்டின் அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கத்தான் அது. சூட்டுக்குப் பெரிதாக உதவாது. உங்களுக்கு வேண்டியது ஏசி டக்ட் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் நைட்ரில் ரப்பர் ஃபோம் ஷீட். தண்ணீரை உறிஞ்சாது, எடை இல்லை, ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமன் போதும். நூறு டிகிரிக்குச் சற்று மேல்தான் அது தாங்கும் என்பதால் அலுமினியத் தடுப்பு போட்ட பிறகே இதை ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் தரையைச் சுரண்டி, துரு எதிர்ப்பு பிரைமர் அடித்து, நன்றாகக் காய விடுங்கள்.

மேற்கூரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் கூரையையாவது வெள்ளையாக்குங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் வாட் சூட்டைக் கொட்டுகிறது. கறுப்பு அதில் பெரும்பாலானதை வாங்கிக்கொள்ளும், வெள்ளை பெரும்பாலானதைத் திருப்பிவிடும். சீலிங் துணியை மாற்றும் சமயம் வந்தால் அதே நைட்ரில் ஷீட்டைக் கூரையின் உள்பக்கமும் ஒட்டலாம். கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டாம். கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. நிறுத்தி வைக்கும்போது முன்கண்ணாடிக்குள் வெள்ளி நிறத் தடுப்பு வைத்தாலே போதிய பலன் உண்டு. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட இருபது டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதனால் கிளம்பும் முன் நான்கு கதவுகளையும் திறந்து அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு அம்மாவை ஏற்றுங்கள்.

கொல்கத்தாவின் புழுக்கத்தில் காருக்குள் ஈரத்துணி, தண்ணீர் ஊற்றி வைக்கும் கூலர் எதுவும் வேலை செய்யாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை உலர வேண்டுமானால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்ஸிக்காரர்கள் டாஷ்போர்டில் வைக்கும் பன்னிரண்டு வோல்ட் சின்ன ஃபேன் அதற்காகத்தான். சாந்தினி மார்க்கெட்டில் கிடைக்கும். வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? டைனமோ என்றால் மெதுவாக ஓடும் இஞ்சினில் அது சார்ஜ் செய்யாது. பாலத்தருகே நீண்ட நேரம் ஃபேனை ஓடவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். சீட்டில் ரெக்சின் இருந்தால் மேலே ஒரு பாய் விரியுங்கள். கூச்பிஹார்ப் பக்கத்து சீத்தல்பாட்டி உங்கள் ஊரிலேயே கிடைக்கும். உறவினர் யாராவது திருநெல்வேலியிலிருந்து வந்தால் பத்தமடைக் கோரைப்பாய் கேளுங்கள். முதுகுக்கும் ரெக்சினுக்கும் நடுவே காற்று போக ஒரு வழி கிடைத்தாலே அம்மாவுக்குப் பாதி நிம்மதி.

பாலம் தூக்கியிருக்கும்போது இஞ்சினை அணைத்துவிடுங்கள். அணைத்த முதல் சில நிமிடங்கள் போனட்டுக்குள் சூடு குறையாது, ஏறும். ரேடியேட்டர் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுகின்றன அல்லவா. அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கலாம். பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது இதற்குத்தான். அந்த வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும், ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் வண்டியில் இருக்கட்டும். பெட்ரோல் பைப் மேனிஃபோல்டுக்கு மிக அருகில் போகிறது என்றால் அதைத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். ஈரத்துணிக்கு வேலை குறையும்.

ஏசி? உங்கள் இஞ்சினின் பலம் ஏறக்குறைய ஐம்பது குதிரைச் சக்தி. கம்ப்ரஸர் அதில் ஒரு பங்கைக் கேட்கும். ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கும் கண்டென்சர், ஏற்கெனவே திணறும் ரேடியேட்டருக்கு இன்னும் சூடான காற்றை அனுப்பும். டைனமோ இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். அப்படியே வைத்தாலும் மேலே சொன்ன ஓட்டைகளை அடைக்காமல் உள்ளே குளிர்ச்சி நிற்காது. ஆகவே ஏசி வேண்டுமா என்பதை இந்த வேலைகள் முடிந்து ஒரு கோடை ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வேலைகளை மாசியிலேயே தொடங்கினால் சித்திரைக்குள் முடியும். முதல் பெருமழைக்கு மறுநாள் மட்டும் மேட்டை எடுத்து, ஒட்டிய ஷீட்டின் விளிம்புகளை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அந்த இடத்தைப் பிரித்து உலர்த்தி, தரையின் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.